இருக்கையும் செவியும்: பன்னாட்டு இலக்கிய விழாவில் அரபு எழுத்து

இறையியல் ஏடொன்றில் இலக்கிய விழாக்களைப் பற்றி எழுதுவது தேவைதானா என்னும் ஐயம் வாசகர் சிலருக்கு எழக்கூடும். அயலாரை வரவேற்பது திருச்சபையின் கடமை. வேற்றுமொழியில் சொல்லப்பட்டதைக் கேட்டு, தன் மக்களுக்கு விளங்க உரைப்பது அருளுரையாளரின் அன்றாடப் பணி. பன்னாட்டு இலக்கிய விழா இவ்விரு செயல்களையும் ஒரே கூடத்தில் நிகழ்த்த முற்படுகிறது. எனவே அம்முயற்சி எங்கே வெற்றி பெறுகிறது, எங்கே தவறுகிறது என ஆராய்வது நமக்கு அயலான வேலையன்று.

இக்கட்டுரையில் அரபு எழுத்தை முன்னிறுத்திய இருவகை விழாக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, உலகிலேயே மிகப் பெரியதெனக் கருதப்படும் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தை. மற்றொன்று, அதனோடு ஒப்பிடத்தகாத அளவுக்குச் சிறியதான பாலஸ்தீன இலக்கிய விழா. ஒரு விழா யார் யாருக்கு மேடையில் இருக்கை தந்தது என்பதைக் கொண்டு மட்டும் அதனை மதிப்பிடலாகாது. கேட்பதற்கு விலை கொடுக்க நேர்ந்த நாளில் அது செவிசாய்த்ததா என்பதே உரைகல் என நாம் கருதுகிறோம்.

விருந்தினராக அழைக்கப்பட்ட ஒரு மொழி

பிராங்க்பர்ட் சந்தையின் மரபு அச்சுக்கலை தோன்றிய காலத்தை ஒட்டியது. எனினும் இன்றைய வடிவில் அது தொடங்கியது 1949 செப்டம்பரில். போரில் சிதைந்து மீண்டும் எழுப்பப்பட்ட பவுல் ஆலயம் என்னும் கட்டடத்திலேயே அவ்வாண்டின் சந்தை கூடியது. 1933-இல் நூல்களைத் தீயிலிட்ட ஒரு நாடு, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நூல்களைப் பரப்பி வைத்து உலகோடு மீண்டும் பேச முன்வந்த நிகழ்ச்சி அது. இவ்வரலாற்றை மறந்து அச்சந்தையைக் குறைகூறுவது நேர்மையாகாது.

1976-இல் இலத்தீன் அமெரிக்க இலக்கியத்தை மையப்பொருளாகக் கொண்டதிலிருந்து, ஒரு நாட்டின் அல்லது நிலப்பகுதியின் எழுத்தை முன்னிறுத்தும் வழக்கம் அங்கே வேரூன்றியது. இந்தியா 1986-இலும் 2006-இலும் இச்சிறப்பைப் பெற்றது. 2004 அக்டோபரில் அரபுலகம் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டது. நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்டு மூன்றாண்டுகளும், ஈராக்கின்மீது படையெடுப்பு நிகழ்ந்து ஓராண்டும் கழிந்திருந்த வேளை அது. அரபியர் என்றாலே அச்சமும் ஐயமும் எழுந்த காலத்தில், அவர்தம் கவிதையையும் கதையையும் கேட்போம் என்று ஒரு ஐரோப்பிய நகரம் கூறியது பாராட்டிற்குரியதே.

ஆயினும் அழைப்பைப் பெற்றவர் யார் என்பதை நோக்க வேண்டும். 22 நாடுகள் உறுப்பினராக உள்ள அரபு லீக் என்னும் அரசுகளின் கூட்டமைப்பே அவ்வழைப்பை ஏற்றது. அரசுகள் எழுத்தாளர்களுக்காகப் பேச வல்லனவா? அரபு இலக்கியத்தின் அண்மை வரலாற்றை அறிந்தவர் தயங்கியே விடையளிப்பர். 1988-இல் நோபல் பரிசு பெற்ற எகிப்தியரான நகீப் மஹ்பூஸின் ‘நம் தெருவின் பிள்ளைகள்’ என்னும் நாவல் 1959-இல் நாளேடொன்றில் தொடராக வெளிவந்தது. சமயத் தலைவர்களின் எதிர்ப்பினால் எகிப்தில் அது நூலாக வரவில்லை. 1967-இல் பெய்ரூத்தில்தான் நூலுருப் பெற்றது. 1994-இல் ஓர் இளைஞன் அம்முதியவரின் கழுத்தில் கத்தியால் குத்தினான். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் எழுதும் கை முன்போல் இயங்கவில்லை. அவர் மறைந்த 2006-ஆம் ஆண்டில்தான் அந்நாவல் எகிப்தில் நூலாக வெளியாயிற்று. எண்ணெய் வளம் பாலைவன மக்களின் வாழ்வைப் புரட்டிப்போட்டதை ‘உப்பு நகரங்கள்’ என்னும் நாவல் வரிசையாக எழுதிய அப்துர் ரஹ்மான் முனீஃபின் சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டது. அரபுலகம் விருந்தினரான அதே 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் டமாஸ்கஸில் காலமானார்.

இவ்விரு வாழ்வுகளும் உணர்த்துவது தெளிவு. தன் எழுத்தாளரை வீட்டில் பேசவிடாத அரசு, அயலார் வீட்டு விருந்தில் அவர்களைக் காட்டிப் பெருமை கொள்ளக்கூடும். அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் இதனால் பயனடைவர். இருவருக்கும் இடையில் நிற்கும் எழுத்தாளரோ காட்சிப்பொருளாகிவிடுவர்.

மறுபுறம் மேற்குலகின் செவியும் எப்போதும் திறந்திருந்ததன்று. எருசலேமில் ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்த பாலஸ்தீனத் திறனாய்வாளர் எட்வர்ட் சயீத் 1990-இல் ஒரு கட்டுரையில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். மூன்றாம் உலக நாவல்களை வெளியிட விரும்பிய நியூயார்க் பதிப்பாளர் ஒருவர் அவரிடம் பெயர்ப்பட்டியல் கேட்டார். சயீத் மஹ்பூஸின் நூல்களைப் பட்டியலின் தலைப்பில் வைத்தார். மஹ்பூஸ் நோபல் பரிசு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. அவருடைய நூல் ஒன்றும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. காரணம் வினவியபோது, அரபு சர்ச்சைக்குரிய மொழி என்னும் விடை கிடைத்தது. ஒரு நூல் சர்ச்சைக்குரியதாகலாம். ஒரு கருத்து சர்ச்சைக்குரியதாகலாம். ஒரு மொழியே அவ்வாறு கருதப்படுமாயின், அம்மொழியில் அழுபவரின் அழுகையும் செய்யுளில் இறைவனைத் துதிப்பவரின் துதியும் ஒருசேரத் தள்ளப்படுகின்றன. 2004-இன் விருந்து இத்தடையை நீக்கிற்றா? பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே நகரில் அதற்கு விடை கிடைத்தது.

ஒரு நாவலும் அதன் மௌனமும்

அதானியா ஷிப்லி 1974-இல் பிறந்த பாலஸ்தீனப் பெண் எழுத்தாளர். ‘சிறு விவரம்’ எனப் பொருள்படும் தலைப்பில் அவருடைய நாவல் 2017-இல் அரபு மொழியில் பெய்ரூத்தில் வெளிவந்தது. 2020-இல் ஆங்கிலத்திலும் 2022-இல் ஜெர்மனிலும் பெயர்க்கப்பட்டது. 2021-இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அளவில் சிறிய அந்நூல் இரு பகுதிகளைக் கொண்டது.

முதற்பகுதி 1949 ஆகஸ்டில் நெகேவ் பாலைநிலத்தில் நிகழ்கிறது. எல்லையைக் காக்க முகாமிட்டுள்ள இஸ்ரேலியப் படைப்பிரிவொன்று ஓர் ஊற்றருகே நாடோடி அரபியரைச் சுட்டு வீழ்த்துகிறது. எஞ்சிய சிறுமி ஒருத்தி முகாமுக்குக் கொண்டுவரப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்படுகிறாள். இது முற்றும் கற்பனையன்று. அக்குற்றத்திற்காகப் படைவீரர்கள் இஸ்ரேலிய இராணுவ நீதிமன்றத்திலேயே தண்டிக்கப்பட்டனர். 2003-இல் ஹாரெட்ஸ் என்னும் இஸ்ரேலிய நாளேடே அதனை வெளிக்கொணர்ந்தது.

ஆசிரியர் இந்நிகழ்ச்சியைச் சொல்லும் முறையே நம் கவனத்திற்குரியது. படைத்தலைவனின் நாள்முறைச் செயல்கள் ஒவ்வொன்றும் குளிர்ந்த துல்லியத்துடன் கூறப்படுகின்றன. அவன் முகம் மழிக்கிறான், உடலைக் கழுவுகிறான், இரவில் ஏதோவொரு பூச்சி கடித்த தொடைப் புண்ணைத் துடைத்துக் கட்டுகிறான். புண் சீழ்பிடித்து நாறத் தொடங்குகிறது. தூய்மையின்மேல் அவன் கொண்ட பற்றும், அவனுள் பரவும் அழுகலும் ஒருசேர வளர்கின்றன. உள்ளத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்று ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. சிறுமி பேசுகிறாள், ஆனால் அவள் மொழி அங்குள்ளோர்க்குப் புரியாதது. ஆகவே அவள் என்ன சொன்னாள் என்பது வாசகருக்கும் கிட்டுவதில்லை. அவளுடைய நாயின் ஊளை மட்டும் பக்கந்தோறும் கேட்கிறது.

இரண்டாம் பகுதியில் இராமல்லா நகரில் வாழும் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே கூறுகிறாள். அச்செய்தியை நாளேட்டில் படித்த அவளை உலுக்குவது ஒரு சிறு விவரம்: அக்கொலை நிகழ்ந்த நாளுக்குச் சரியாக இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவள் பிறந்திருக்கிறாள். அச்சிறுமியின் தரப்பை அறிய வேண்டுமென்று, உடன் பணிபுரியும் ஒருத்தியின் அடையாள அட்டையை இரவல் பெற்று, தான் செல்லத் தடைசெய்யப்பட்ட நிலப்பகுதிகளுக்குள் காரில் செல்கிறாள். ஒரு கையில் இன்றைய வரைபடம். மறு கையில் 1948-க்கு முற்பட்ட வரைபடம். முன்னதில் இல்லாத ஊர்கள் பின்னதில் உள்ளன. அவள் தேடிச் சென்ற ஆவணக்காப்பகங்களில் சிறுமியின் குரல் இல்லை. முடிவில் அவளும் ஒரு படைத்தளத்தின் அருகே சுடப்படுகிறாள்.

இந்நாவலில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. முதற்பகுதியின் பெட்ரோல் நெடியும் நாயின் ஊளையும் இரண்டாம் பகுதியில் மீண்டும் மீண்டும் வருவது ஓரளவில் திட்டமிட்ட ஒப்புமையாகத் தோன்றுகிறது. முடிவு எப்படியிருக்கும் என்பதை வாசகர் முன்கூட்டியே உணர்ந்துவிடுகின்றனர். ஆனால் ஜெர்மனியில் எழுந்த குற்றச்சாட்டு வேறு. இஸ்ரேலியர் அனைவரும் பெயரற்ற, முகமற்ற கொடியோராகவே இதில் காட்டப்படுகின்றனர் என்று சிலர் எழுதினர். நூலைக் கூர்ந்து நோக்குவோருக்கு இக்குற்றச்சாட்டு நிலைக்காது. இதில் சிறுமிக்கும் பெயரில்லை. கதை சொல்லும் பாலஸ்தீனப் பெண்ணுக்கும் பெயரில்லை. பெயரற்ற நிலை என்பது இங்கு ஓர் இனத்தின்மீது சுமத்தப்பட்ட பழியன்று. வன்முறை அதைச் செய்பவரையும் அதற்கு ஆளாவோரையும் ஒருங்கே கொண்டுசேர்க்கும் நிலை அது.

திருமறையை ஆழ்ந்து கற்போருக்கு இம்மௌனம் புதிதன்று. நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்தில் கிபியா ஊரில் இரவு முழுவதும் சிதைக்கப்பட்ட பெண் ஒரு சொல்லும் பேசுவதில்லை, அவளுக்குப் பெயருமில்லை. ஆயினும் இஸ்ரயேல் தன் வேதத்திலிருந்து அப்பக்கத்தைக் கிழித்தெறியவில்லை. தன் மக்களின் இழிசெயலைத் தானே பதிவு செய்து, அதை ஆராய்ந்து தீர்ப்புக்கூறும்படி கேட்போரை அழைக்கும் துணிவு அந்நூலுக்கு இருந்தது. வேதநூலே காத்துவந்த இத்துணிவை, ஒரு பாலஸ்தீனப் பெண் எழுதியபோது மட்டும் ஐயுறுவது எவ்வாறு பொருந்தும்?

2023 அக்டோபர்

ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா, அரபுலகு ஆகியவற்றைச் சார்ந்த பெண் எழுத்தாளருக்கென லிட்ப்ரோம் என்னும் ஜெர்மானிய அமைப்பு ஒரு பரிசினை வழங்கிவந்தது. 2023-ஆம் ஆண்டின் பரிசுக்கு ஷிப்லியின் நாவல் தேர்ந்தெடுக்கப்பட்டு, அக்டோபர் 20 அன்று பிராங்க்பர்ட் சந்தையில் அதனை அளிப்பதென ஏற்பாடாகியிருந்தது.

அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1200 பேரைக் கொன்று, ஏறத்தாழ 250 பேரைப் பிணையாகக் கொண்டுசென்றனர். அக்கொடுமையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. அடுத்துத் தொடங்கிய போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். அக்டோபர் 13 அன்று, பரிசளிப்பு விழா தள்ளிவைக்கப்பட்டதாக லிட்ப்ரோம் அறிவித்தது. எழுத்தாளரும் இதற்கு இசைந்தார் என்பதுபோல் முதலில் கூறப்பட்டது. அவர் இசையவில்லை என்று அவர் தரப்பினர் மறுத்தனர். அதே நாட்களில் சந்தையின் இயக்குநர், யூத, இஸ்ரேலியக் குரல்களுக்குச் சிறப்பிடம் அளிக்கப்படும் என்று அறிவித்தார். அரபுப் பதிப்பாளர் சங்கமும் ஷார்ஜா புத்தக ஆணையமும் சந்தையிலிருந்து விலகின. நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னா, ஆனி எர்னோ, ஓல்கா தோகார்ச்சுக் ஆகியோர் உள்ளிட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கண்டனக் கடிதத்தில் கையொப்பமிட்டனர்.

அமைப்பாளரின் உள்ளத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. அறுபது இலட்சம் யூதரைக் கொன்ற குற்றத்தை நினைவில் சுமக்கும் நாடு அது. யூதர் மீண்டும் கொல்லப்பட்ட வாரத்தில், அங்குள்ளோரின் நெஞ்சம் நடுங்கியது இயல்பே. யூதக் குரல்களுக்கு இடமளிக்க விரும்பியதும் நன்றே. ஆனால் ஒரு குரலைக் கேட்பதற்கு மற்றொரு குரலை அடக்க வேண்டும் என்னும் எண்ணத்தில்தான் பிழை நுழைகிறது. ஷிப்லியின் நாவல் யாரையும் கொல்லும்படி கூறவில்லை. கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் பேச்சு ஏன் எங்கும் பதிவாகவில்லை என்று வினவுகிறது. அவ்வினாவைக் கேட்ட நூலுக்கே மேடை மறுக்கப்பட்டது. 1949 ஆகஸ்டில் ஒருவருக்கும் புரியாமற்போன பேச்சு, 2023 அக்டோபரில் இரண்டாம் முறையாகவும் கேட்கப்படாமற் போயிற்று.

குறித்த நாளுக்கு முந்திய இரவு, அதாவது அக்டோபர் 19 அன்று, காசாவிலுள்ள பழமையான புனித போர்பீரியஸ் ஆலய வளாகத்தில் வான்குண்டு விழுந்தது. அங்குத் தஞ்சம் புகுந்திருந்த அரபுக் கிறிஸ்தவர் பலர் மாண்டனர். அன்றிரவு அங்கு எழுந்த ஓலம் எந்த மொழியில் எழுந்தது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்போரைத் தேடிச் சென்ற விழா

இனி மற்றொரு விழாவை நோக்குவோம். எகிப்திய நாவலாசிரியை அஹ்தாஃப் சுவைஃப் முன்னின்று 2008-இல் பாலஸ்தீன இலக்கிய விழாவைத் தொடங்கினார். பொதுவாக விழா ஓரிடத்தில் நிற்கும். மக்கள் அதனை நாடி வருவர். பாலஸ்தீனத்திலோ சோதனைச் சாவடிகளைக் கடந்து ஊர்விட்டு ஊர் செல்ல மக்களால் இயலாது. ஆகவே எழுத்தாளர் குழுவே எருசலேம், இராமல்லா, பெத்லகேம் என்று ஊர்தோறும் பயணம் செய்தது. கேட்போர் வர இயலாத இடத்தில், பேசுவோர் அவர்களை நாடிச் சென்றனர். வரும் வழியில் சாவடியில் காத்துநிற்பதும் விழாவின் ஒரு பகுதியாயிற்று. இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒந்தாச்சி போன்றோரும் பிற்காலத்தில் இதில் பங்குகொண்டுள்ளனர்.

2009-இல் கிழக்கு எருசலேமில் தொடக்க நிகழ்ச்சி நடக்கவிருந்த பாலஸ்தீன தேசிய நாடக அரங்கை இஸ்ரேலியக் காவல்துறை மூடியது. எழுத்தாளரும் கேட்போரும் தெருவழியே நடந்து பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்திற்குச் சென்று நிகழ்ச்சியை நடத்தினர். 2012-இல் விழா காசாவுக்குச் சென்றபோது, நிறைவு நிகழ்ச்சியை ஹமாஸ் ஆட்சியின் காவலர் நிறுத்தினர். இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்றோடொன்று போரிடும் இரு அதிகாரங்களும் ஒரே விழாவைக் கண்டு அஞ்சின. கதை படிப்பதைக் கேட்கக் கூடிய சிறு கூட்டத்தில் அவை எதனைக் கண்டன? அதிகாரத்தின் அனுமதியின்றி மக்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதைக் கண்டன.

இச்சிறு விழாவிற்கும் குறைகள் உண்டு. விருந்தினராக வந்தோருள் ஆங்கிலத்தில் எழுதுவோர் மிகுதி. அவர்கள் சில நாட்கள் தங்கிச் சென்று தம் அனுபவத்தை எழுதுகின்றனர். அவ்வெழுத்தே உலகில் பரவுகிறது. அரபு மொழியில் எழுதும் உள்ளூர் எழுத்தாளரின் பக்கங்கள் அவ்வளவு விரைவில் மொழிபெயர்க்கப்படுவதில்லை. சாட்சி கூற வந்தவர், துன்புறுவோரின் இடத்தைத் தாமே நிரப்பிவிடும் ஆபத்து இங்கும் இல்லாமலில்லை. எனினும் கேட்பதற்குரிய விலையை இவ்விழா கொடுத்தது என்பதை மறுக்க இயலாது.

நமக்கு முன்னுள்ள கடமை

இவ்வாய்வு நம் திருச்சபைக்கு என்ன கூறுகிறது? நம் அருளுரைகளில் அரபியர் எனும் சொல் இஸ்லாமியர் எனும் சொல்லுக்கு மாற்றாகவே வழங்கி வருகிறது. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் வரிசையில் அரபியரும் இருந்தனர் என்பதை அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அந்நாளில் தூய ஆவியார் அனைவரையும் ஒரே மொழி பேசவைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிலேயே கேட்டனர். அரபு அன்றே நற்செய்தியைக் கேட்ட மொழிகளுள் ஒன்று.

பிற்கால வரலாறும் இதற்குச் சான்று. 1865-இல் பெய்ரூத்தில் நிறைவுற்ற அரபு வேதாகம மொழிபெயர்ப்பில் ஈலை ஸ்மித், கொர்னேலியஸ் வான் டைக் என்னும் அமெரிக்க அருட்பணியாளரோடு, புத்ருஸ் அல்-புஸ்தானி, நாசிஃப் அல்-யாஸிஜி என்னும் அரபுக் கிறிஸ்தவ அறிஞரும் உழைத்தனர். மொழிநடையைச் செப்பஞ்செய்ய யூசுஃப் அல்-அசீர் என்னும் இஸ்லாமிய அறிஞர் துணைநின்றார். புஸ்தானி பின்னர் அகராதியும் கலைக்களஞ்சியமும் இயற்றி, அரபு மறுமலர்ச்சியின் தூண்களுள் ஒருவரானார். எமில் ஹபீபி, ஜப்ரா இப்ராஹிம் ஜப்ரா, 2024-இல் மறைந்த எலியாஸ் கூரி ஆகிய தற்கால அரபு நாவலாசிரியர்களும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தோரே. இவர்களை அறியாமல் அரபுலகைப் பற்றி அருளுரை ஆற்றுவது அரைகுறை அறிவின் விளைவாகும்.

எனினும் அரபியருள் கிறிஸ்தவர் உளர் என்பதனால் மட்டும் நாம் செவிசாய்ப்போமாயின், அது நம்மவரை நாமே கேட்பதாக முடியும். ஆகாரின் வரலாறு இதனினும் ஆழ்ந்து செல்கிறது. ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஆபிராமும் சாராயும் அவளை அடிமைப்பெண் என்றே குறிப்பிடுகின்றனர். அவளை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைப்பவர் கடவுளின் தூதரே. பிறக்கவிருக்கும் மகனுக்கு இஸ்மவேல் என்று பெயரிடும்படி கூறப்படுகிறது. ‘கடவுள் கேட்கிறார்’ என்பது அதன் பொருள். 21-ஆம் அதிகாரத்தில் தாயும் மகனும் துரத்தப்பட்டு அலைவது பெயெர்செபாவின் பாலைநிலத்தில். ஷிப்லியின் நாவல் நிகழும் நெகேவும் அதுவே. இஸ்மவேலை இன்றைய அரபியரின் மூதாதையாக நேரடியாகக் கொள்வது ஆய்வுக்குரியது. ஆனால் அப்பெயர் தாங்கிய இறையியல் ஐயத்திற்கிடமற்றது. வாக்குத்தத்தத்தின் வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டவரின் குரலையும் கடவுள் கேட்கிறார். அவ்வீட்டினர் கேளாதிருந்ததைத் திருமறை மறைக்கவுமில்லை.

ஆகவே நம் இறையியல் கல்லூரிகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. பழைய ஏற்பாட்டு வகுப்பில் ஆகாரின் வரலாற்றையும் கிபியாவின் நிகழ்ச்சியையும் கற்பிக்கும்போது, ‘சிறு விவரம்’ நாவலை உடன்வைத்துப் படிக்கச் செய்வோம். எருசலேமுக்குத் திருப்பயணம் அழைத்துச் செல்லும் ஆயர்கள், கற்களையும் கல்லறையையும் காட்டுவதோடு, அங்கு வாழும் அரபுக் கிறிஸ்தவச் சபையொன்றில் ஒரு ஞாயிறேனும் வழிபட வழிசெய்யட்டும். அம்மொழி நமக்குப் புரியாதுதான். முகாமிலிருந்த படைவீரருக்கும் அச்சிறுமியின் மொழி புரியவில்லை. அதனைப் புரிந்துகொள்ள வேண்டுமென்னும் விருப்பம் அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.